இலை விபூதி

செவ்வாய், இரவு.

செல்விக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்று, தீக்காய வார்டுக்குள் வந்த அவள் அம்மா திருச்செந்தூர் இலை விபூதியை மகளின் நெற்றியில் பூசிவிட்டாள். “கிருமிய நீங்களே கொண்டாரியளே!” என்று கத்தி, அவளை வெளியே நிறுத்தியது டூட்டி நர்ஸான நான்தான். அப்புறம் ஒன்பது நாளும் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள். இன்று காலை செல்வி போய்விட்டாள்.

மதியம் ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் பூஞ்சை. மருந்து ஏற்றக் கழுத்தில் போட்டிருந்த குழாயின் நுனியிலும் அதே பூஞ்சை; கிருமி உள்ளே போனது விபூதியால் இல்லை, குழாய் வழியாகத்தான். காய்ச்சல் வந்ததுமே எடுத்திருக்க வேண்டிய குழாயை ஆறாம் நாள்தான் எடுத்தோம். டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலையில் உடலை வாங்க வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க அன்னைக்கே சொன்னியளே, சிஸ்டர். எம்பிள்ளைய நானே கொன்னுட்டேனே.”

ரிப்போர்ட் என் கோட்டுப் பையில் இருந்தது. அன்றைக்குக் கத்திய வாய் இன்று திறக்கவில்லை.