மூன்றில் இரண்டு

12.5.2015, செவ்வாய்

கத்தரி வெயில். காலை எட்டுக்கே வாசல் சிமெண்டில் கால் வைக்க முடியவில்லை. இந்த வாரத்துக்கான பட்டியல்:

1. ஜெயந்தியின் லேப்டாப். போட்ட பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது. சூடு மெய்யா, அல்லது சூட்டைக் காட்டும் சென்சார் பொய்யா?
2. அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. முதலில் அளவு, பிறகு ஸ்க்ரூ டிரைவர்.
3. மூன்று அளவுகளில் இரண்டு ஒத்துப்போனால் அந்த இரண்டையே நம்ப வேண்டும்.
4. ஞாயிறு மாப்பிள்ளை வருகிறார். ஜெ.யை அனுப்புவதா, வேண்டாமா.

நான்காவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கை வரவில்லை.

மகள் வந்து இன்று நான்காம் நாள். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் இப்படி நெல்லிக்குப்பத்துப் புகுந்த வீட்டிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வருவது மூன்றாம் முறை. இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. தலையில் துண்டு. இந்த வெயிலில் எதற்கு என்று அவள் அம்மா ராஜேஸ்வரி கேட்டாள். "எண்ணெ வச்சிருக்கேம்மா." கொண்டுவந்தது ஒரு துணிப்பை, அதில் இரண்டு புடவை, இந்த லேப்டாப்.

"அப்பா, இத மட்டும் சரி பண்ணிக் குடுங்க. என் சர்ட்டிபிகேட் எல்லாம் இதுலதான் இருக்கு. திண்டிவனம் பக்கத்துல ஒரு ஸ்கூலுக்கு எழுதிப் போடணும். ஆஸ்டல்லயே தங்கிக்கலாமாம்."

சரி என்றேன். ஆஸ்டல் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் பக்கத்துச் சந்தில் ஒருவனை இரண்டு பேர் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். "வுடுங்கடா, வுடுங்கடா" என்று அவன் கத்துகிறான். எதற்கென்று தெரியாது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய சற்று நேரத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வழக்கமான வெடி. கண்ணாடி அதிர்ந்தது.

13.5, புதன்

புழுக்கம். இரண்டு முறை கரண்ட் போனது.

லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். ஜெ. கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தபோது அவளே போட்டுக்கொண்டது. வெப்ப அளவைக் காட்டும் கட்டளையை அடித்தேன். மூன்று எண்கள்.

போர்டு, முதல் அளவு: 27.8
போர்டு, இரண்டாம் அளவு: 29.8
பிராசஸர்: 94

முதல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். மூன்றாவது மட்டும் எங்கோ நிற்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினேன். 27.8, 27.8, 27.8. எவ்வளவு நிதானம். பிராசஸர் 94, 96, 99, பிறகு அணைந்துவிட்டது.

முப்பத்தொரு வருடம் தெர்மல் மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமெண்டேஷன் பிரிவு, அளவுக் கருவிகள் என் பொறுப்பு. முக்கியமான இடம் எதற்கும் மூன்று சென்சார் வைப்போம். ஒன்று மட்டும் எகிறினால் அந்தச் சென்சார் பழுது, மெஷினை நிறுத்தக் கூடாது. இரண்டு எகிறினால் நிறுத்த வேண்டும். இந்த விதியில் நான் தவறியதில்லை. ஆகவே முடிவு: பிராசஸர் சென்சார் பழுது.

அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் அந்த அளவு திரையில் வராது. சேர்த்தேன். இப்போது திரையில் இரண்டு எண்கள் மட்டும். பார்க்க நிம்மதியாக இருந்தது. பதினோரு நிமிடத்தில் எந்த எண்ணும் ஏறாமலே அணைந்தது.

பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். கார்த்திகையில் அவள் முதல் முறை வந்தபோது மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்து எழுதியிருக்கிறேன். ஜெ.: அடித்தார். மாப்பிள்ளை: பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். சம்பந்தியம்மா: பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். கீழே கோடு போட்டு "2 – 1". அனுப்பி வைத்தேன். மாசியில் வந்தபோதும் அதே மூன்று பதில், அதே கோடு.

மாப்பிள்ளை போன் செய்தார். குரல் சாந்தம்.

"மாமா, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு அம்மாவக் கூட்டிக்கினு வர்றேன். அவளக் கெளப்பி வைங்க. போன தடவ மாதிரி அழுதுகினு நின்னான்னா எனக்குக் கோவம் வந்துரும், சொல்லிட்டேன்."

"சரிங்க மாப்ள" என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று.

14.5, வியாழன்

இன்று இரண்டு அசிங்கம். இரண்டும் என்னுடையவை.

முதலாவது. சுவர்த் தெர்மாமீட்டரை எதேச்சையாகப் பார்த்தேன். அறை 39. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் 27.8 என்கிறது. 39 டிகிரி அறைக்குள் ஓடும் மெஷின் எப்படி 27.8 இருக்கும்? வேலைக்குச் சேர்ந்து முதல் மாதத்திலேயே இதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். நேற்று எனக்குத் தோன்றவில்லை.

சோதிக்க அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். எண்ணி ஐந்து வரை தாங்கினேன். கொப்புளம். கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துப் போர்ஷன் மேரி ஓடி வந்தாள். அவள் புருஷன் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"இன்னா சார், அடுப்பா இது? கைய வச்சிப் பாக்கறீங்க!"

"சூடு இருக்கான்னு பார்த்தேம்மா."

"இருக்குதா?"

"இருக்கு."

"கைய வச்சாத்தான் தெரியுது பாருங்க உங்களுக்கு." குழாயடியில் என் கையைப் பிடித்து நீட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க பொண்ணு அழுவறது எங்க வூட்டு செவுத்துல கேக்குது சார். நடுவுல ஒரு செங்கல்தான். உங்களுக்குக் கேக்கலியா?"

இது இரண்டாவது.

பிராசஸர் சொன்னது சரி. நேற்றுச் சேர்த்த வரியை நீக்கினேன். விசிறி ஏன் சுழலவில்லை என்பதும் புரிந்தது. விசிறி போர்டு அளவைக் கேட்டுத்தான் சுழலும். 27.8 என்றால் அதற்கு வேலையில்லை. உள்ளே எரிகிறது, விசிறி சும்மா இருக்கிறது.

15.5, வெள்ளி

காலை பூஜை முடிந்ததும் திறந்தேன். தினத்தாள் விரித்து, பதினான்கு ஸ்க்ரூவையும் வரிசையாக வைத்து. கொப்புளக் கையால் சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கச் சிரமம்.

இடது பின் மூலை உள்ளே நசுங்கியிருக்கிறது. மேலே பார்த்தால் அவ்வளவு தெரியாது. போர்டின் வெப்ப சென்சார் இரண்டும் இருப்பது சரியாக அந்த இடத்தில். விரிசல். அடி வாங்கிய கணத்திலிருந்து அவை 27.8, 29.8 என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

திரை மடியும் கீல் இடுக்கில் முடி. விசிறியிலும் சுற்றிக்கொண்டு. ட்வீசரால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன். பதினேழு. நீளம். ஒன்பதில் வேர் இருந்தது. வேரோடு கருப்பாகக் காய்ந்து ஏதோ. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

ஜெ.யைக் கூப்பிட்டேன். தாளைக் காட்டினேன்.

அவள் துண்டை எடுத்தாள். வலது காதுக்கு மேலே ஐந்து ரூபாய்க் காசு அளவு முடியில்லை. பொருக்கு.

"மூடி வச்சி ரெண்டு கையாலயும் தூக்கி அடிச்சாரு. மொதல் அடி கையில. ரெண்டாவது இங்க. கீல்ல முடி மாட்டிக்கிச்சி. அப்படியே இழுத்தாரு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"கார்த்திகையில சொன்னேனேப்பா. நீங்க எழுதி வச்சிக்கிட்டீங்க."

சமையலறை வாசலில் ராஜேஸ்வரி நின்றிருந்தாள். கையிலிருந்த கரண்டி என்மேல் பறந்து வந்தது. காதோரம் பட்டு ரத்தம். முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை.

"விசாரிக்கிறாராம் விசாரிக்கிறாரு! நீங்க விசாரிச்சா சரியா இருக்கும்னு வாய மூடிக்கினு இருந்தேனே, என்னச் செருப்பால அடிக்கணும்!"

அடுக்கில் இருந்த இரண்டு பீங்கான் தட்டையும் உடைத்தாள். யாரும் சாப்பிடவில்லை.

16.5, சனி

காற்று இல்லை. தெருவில் நாய்கூட நடமாடவில்லை.

சென்சாரை மாற்ற என்னால் முடியாது. விசிறியைச் சுத்தம் செய்து, அளவு எதுவானாலும் முழு வேகத்தில் சுற்றும்படி லினக்ஸில் கட்டளை வைத்தேன். நான்கு மணி நேரம் ஓடியது. பிராசஸர் 61. சத்தம் மாவு மில் போல. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து ஜெ. விண்ணப்பத்தை அனுப்பினாள். பிறகு என்னைப் பார்த்து, "தாங்க்ஸ்ப்பா" என்றாள். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

நாளை சொல்ல வேண்டியது: "அனுப்ப மாட்டேன்." கொல்லையில் நின்று சொல்லிப் பார்த்தேன். எட்டு முறை. மூன்று முறை குரல் வந்தது.

போலீஸுக்கு முதலில் போகலாமா? ராஜேஸ்வரி போகலாம் என்கிறாள். நான் ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்றேன். அதுவும் தவறோ என்னவோ.

17.5, ஞாயிறு. மாலை 5

வரிசையாக எழுதுகிறேன்.

பத்தேகாலுக்கு வந்தார்கள். மாம்பழம், பூ. சம்பந்தியம்மா உட்கார்ந்ததும், "சேகரு கொஞ்சம் கோவக்காரன்தாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா கை நீட்ற புள்ள இல்ல."

வெள்ளைத் தாளைப் பிரித்து ஸ்டூல் மேல் வைத்தேன். மாப்பிள்ளை சிரித்தார்.

"என்ன மாமா, சவுரி வியாபாரமா?"

"ஜெயந்தி தலைமுடி. லேப்டாப்புக்குள்ள இருந்துச்சு."

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா" என்றார் அவர். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா" என்றார் அம்மா. ஒரே நேரத்தில். ஒரே சொற்கள், ஒரே இழுவை. மகன் முடிக்கும் முன் அம்மா முடித்தார். கார்த்திகையிலும் மாசியிலும் இதே வாக்கியம்தான்; டைரியில் என் கையெழுத்தில் இருக்கிறது.

"லேப்டாப்ப எடுத்துக்கினா பாத்ரூம் போனா?" என்றாள் ராஜேஸ்வரி.

"அனுப்ப மாட்டேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

மாப்பிள்ளை எழுந்தார். நேராக உள்ளே போய் ஜெ.யின் துண்டை இழுத்தெறிந்து முடியைப் பற்றினார். பொருக்கு இருந்த பக்கம். அவள் கத்தியது மனுஷக் குரல் இல்லை. தரையோடு இழுத்துக்கொண்டு வருகிறார். ராஜேஸ்வரி குறுக்கே விழுந்தாள், மார்பில் உதைத்தார். அவள் தலை கதவு நிலையில் மோதியது.

ஜன்னல் மேடையில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. எடுத்தது நினைவில்லை. முடியைப் பிடித்திருந்த கையில், முழங்கைக்குக் கீழே, குத்தினேன். உள்ளே போயிற்று. எலும்பில் தட்டியது தெரிந்தது. பிடி விடவில்லை. உருவி மறுபடி குத்தினேன். அப்போது விட்டான்.

இடது கையால் என் வாயில் குத்தினான். இரண்டு பல். விழுந்த என்னை மிதித்தான். "கெழட்டு நாயே, எம்மேலயா கை வைக்கிற!" மேரி கதவைத் திறந்து, "வாங்கய்யா, கொல்றான்!" என்று கத்தினாள். அவள் புருஷனும் சந்துக்காரர்கள் நான்கைந்து பேரும் ஓடி வந்தார்கள். செவ்வாய்க்கிழமை செருப்பால் அடித்தவர்களில் ஒருவன்கூட இருந்தான். வாசலுக்கு இழுத்துப் போய் அடித்தார்கள். தெரு மண்ணில் புரட்டிப் புரட்டி அடித்தார்கள். சம்பந்தியம்மா மாரில் அடித்துக்கொண்டு, "வழுக்கி வுழுந்துட்டாய்யா, வழுக்கித்தான் வுழுந்தா" என்று அப்போதும் அதையே.

நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாயில் ரத்தம் என்பது காரணமில்லை.

மகளிர் காவல் நிலையம். ஜெ. பேசினாள். நிறுத்தாமல், தேதி வாரியாக, முக்கால் மணி நேரம். இரண்டு வருடத்தை. எழுதிக்கொண்ட இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்போ சார் தெரியும்?" என்றார். "கார்த்திகை" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். முடி வைத்த அந்தத் தாளும், ஸ்க்ரூ டிரைவரும் இப்போது அவரிடம். என்மேல் அவனும் புகார் கொடுத்திருக்கிறான். கொடுக்கட்டும். குத்தியது உண்மை.

ராஜேஸ்வரிக்கு ஆறு தையல். ஜெ. உள்ளே தூங்குகிறாள். இனி அவள் போக மாட்டாள்.

செவ்வாய்க்கிழமைப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். 1, 2, 4 முடிந்தது. 3 தவறு. போர்டு அளவுகள் இரண்டும் உடைந்த ஒரே மூலையிலிருந்து வந்தவை. அவற்றை ஒன்று என்றுதான் எண்ண வேண்டும். நெல்லிக்குப்பத்துக்காரர்கள் இருவரையும் அப்படித்தான். அப்படி எண்ணியிருந்தால் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. எதை நம்புவதென்று தெரியாமல் கார்த்திகையிலேயே கையை வைத்துப் பார்த்திருப்பேன்.