சமையல்கட்டு அமைச்சரின் ராஜினாமா

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். என் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கான உதவித்தொகை உங்களுக்குக் கிடைத்ததில் சந்தோஷம்தான். இனி ஊருக்காக அரசாங்கத்திடம் வாதாடுவதையே முறையாகப் படிக்கப் போகிறீர்கள். அந்த உதவித்தொகைக்கான நேர்காணலில் வாதாடிக் காட்டப் பழகியபோது, இந்தச் சமையல்கட்டில் நான்தானே அமைச்சர்! கரண்டியும் கையுமாக நின்று, கொட்டாவி விட்டு, "பரிசீலிக்கலாம்" என்று எத்தனை முறை உங்களை விரட்டியிருப்பேன். தொழிலாளிகள் குடும்பத்தோடு இருக்க விடுப்பு வேண்டும் என்று நீங்கள் உருகியபோது, வெங்காயம் இல்லாமலேயே அழுதேன்.

நேற்று கேட்டேன்: "நான் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. அம்மா வீட்டுக்குப் போய்விடட்டுமா?" புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் "பரிசீலிக்கலாம்" என்றீர்கள்.

அது என் வசனமாச்சே!

அதனால் கிளம்பிவிட்டேன்.

பி.கு.: பாராட்டு விழாவுக்கு வெள்ளைச் சட்டை தேய்த்துக் கதவில் மாட்டியிருக்கிறேன். இரண்டாவது பொத்தானை இழுக்காதீர்கள், தையல் லேசாகத்தான் நிற்கிறது.

இன்னொன்று. "போகாதே" என்று ஒரு வார்த்தை வாதாடியிருந்தால், இந்த அமைச்சர் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பாள்.