துறைமுகத்தில் நிற்கும் காலண்டர்கள்

விருதுநகர்
10.11.2025

அன்புள்ள மச்சான் ஜாபர் சாதிக் அவர்களுக்கு, காதர் பாட்சா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மேலே உள்ள தேதியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

தங்கை உம்மு சல்மாவும் பிள்ளைகளும் நலமா? அவளிடமிருந்து போன் வருவதில்லை. நானும் போனை எடுப்பேன், வைத்துவிடுவேன். பேசினால் கோர்வையாக வராது என்றுதான் எழுதுகிறேன்.

போன வருஷச் சரக்குக்கு நீங்கள் கொடுத்த முன்பணம் இன்னும் திரும்பவில்லை. அதற்குள் சிவகாசியில் என் மகன் ஹக்கீமின் அச்சகம் கடனைக் கட்ட முடியாமல் கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது. அவன் உங்களிடம் அவகாசம் கேட்டு எழுதிய கடிதத்தில் 2026 என்று தேதி இருந்தது. உங்கள் வக்கீல் அதை ஏமாற்று வேலை என்றார். அவன் மலேசியாவில் உள்ள கடைகளுக்கு அனுப்பிய காலண்டர் கன்டெய்னரைக் கிள்ளான் துறைமுகத்தில் நிறுத்த உத்தரவு வாங்கினீர்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேனோ என்னவோ.

ஆனால் மச்சான், ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வெளியிட்டதிலிருந்து இங்கே காலண்டர் தொழிலில் எல்லோர் கையும் அடுத்த வருஷத்தைத்தான் எழுதுகிறது. காலண்டருக்குத் தகரம் அடிக்கும் கோட்டைச்சாமி, பேரனின் லீவு லெட்டரிலேயே அப்படி எழுதிவிட்டார். "அடுத்த வருசம் வர்ற காய்ச்சலுக்கு இப்பவே லீவு கேக்கீகளா?" என்றாராம் டீச்சர்.

தீர்ப்பாயம் நியமித்த அதிகாரி ஹர்ஷினி பொறுமையான பெண். கம்பெனியை மூடாமல் காப்பாற்றத்தான் இந்த அவகாசம், அதுவரை கடன் கொடுத்தவர் யாரும் எதையும் எடுத்துப் போகக்கூடாது என்றார். அந்தத் தடை கிள்ளானில் செல்லுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். செல்லாதாம். ஒரு நாட்டு நீதிமன்ற உத்தரவை இன்னொரு நாடு மதிக்கப் பொது விதி ஒன்று இருக்கிறதாம். பல நாடுகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. நம் இரண்டு நாட்டிலும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லையாம். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா தெரியவில்லை. நீங்களும் விசாரியுங்கள்.

பக்கத்தில் நின்ற கோட்டைச்சாமி, "அவுக சட்டம் வாரப்ப வரட்டும் பாய், சனவரி நிக்குமா?" என்றார்.

எனக்கும் அதுதான் பயம். மலேசிய விடுமுறைகளை அச்சிட்ட தினசரி காலண்டர்கள் அவை. டிசம்பரில் கடைக்குப் போனால் பணம். ஜனவரி கழிந்தால் உங்களுக்கும் எங்களுக்கும் பழைய காகிதம். அந்தப் பணம் வந்தால்தான் அச்சகத்தைத் தொடர்ந்து நடத்தும் திட்டத்தைக் கடன் கொடுத்தவர்கள் ஏற்பார்கள். இல்லையென்றால் மிஷின்கள் ஏலத்துக்குப் போகும். முதலில் விற்றுத் தனிக் கணக்கில் போடுவோம், பங்கை இரு தரப்பு வக்கீல்களும் பிறகு பேசட்டும் என்கிறார் ஹர்ஷினி. உங்கள் பணம் முழுதும் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தெரியாததைச் சொல்லக்கூடாது.

ஹக்கீம் வேலைக்குப் போகிறான், வருகிறான். சாப்பிட உட்கார்ந்தால் கை தட்டிலேயே நின்றுவிடுகிறது. மருமகள் தஸ்லிமா அவன் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டாள். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

சட்டம் செய்யாததை உங்களைச் செய்யச் சொல்கிறேன்; துறைமுகத்தில் வாங்கிய உத்தரவை நீங்களே விலக்கிக்கொள்ளுங்கள். கேட்க எனக்கு உரிமை உண்டா என்பதும் தெரியவில்லை. இத்துடன் ஒரு காலண்டர் வைத்திருக்கிறேன். புத்தாண்டுக் காலையில் முதல் தாளை உம்மு சல்மா கையால் கிழிக்கச் சொல்லுங்கள். அன்று கிள்ளான் கடைகளிலும் அது தொங்கும்படி, அல்லாஹ் உங்கள் மனதை இளக்கட்டும். நீங்கள் எல்லோரும் நீடூழி வாழ துஆ செய்கிறேன்.

என்றும் உங்கள்,
காதர் பாட்சா