ஒருவருக்கான மீன்

அன்பு மகளே,

இதை யாரும் எனக்காக எழுதித் தரவில்லை. நானே எழுதுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் ஓர் இளநீர் தீர்ந்துவிடுகிறது! வாக்குச்சீட்டையும் நானே படித்தேன். நம் டோக்கெலாத் தீவுகளை நாமே ஆளலாம் என்பதற்குக் குறியிட்டேன்.

பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைத்தான் கேட்டோம். மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம், கொஞ்சம் குறைந்துவிட்டது. இனியும் நியூசிலாந்தின் கீழ்தான். நாமே ஆண்டால் வரும் என்றிருந்த மீன் ஆலையும் இல்லையாம். அந்த ஆலையில் வேலை கிடைத்தால் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தாய். இங்கே வெயில் நன்றாக அடிக்கிறது.

நேற்றுப் படகுகள் நிறைய மீனோடு வந்தன. கரையில் வழக்கம்போலத் தலைக்கொரு பங்கு பிரித்தார்கள். நீ வரப்போகிறாய் என்று நான் ஊரெல்லாம் சொன்னதிலிருந்து, பங்கு பிரிக்கும் பெலேதி கேலி செய்துகொண்டே உனக்கும் ஒன்று வைப்பான். நேற்றும் வைத்தான்.

“என்ன பெரியப்பா, மகாராணி பங்கைத் தூக்கலையா? நாறிடப் போவுது!”

“ஒண்ணு போதும்டா. எங்க வீட்ல ஒரு ஆளுதான்.”

அவன் அந்த மீனை எடுத்துப் பொதுக் குவியலில் போட்டான்.

என் பங்கைச் சுட்டுத் தின்றேன். உப்புப் போடவில்லை என்பது தின்று முடித்த பிறகுதான் தெரிந்தது.

என் கையெழுத்து எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் அப்பா