தமிழ் வாத்தியாருக்கு ஒரு வீட்டுப்பாடம்

நேற்று பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். சிறுகதைப் போட்டியாம், நான் நடுவராம். "உங்க சிநேகிதரு கதையெல்லாம் எழுதுவாராமே சார்" என்றாள் வந்த டீச்சர். நான் கணக்கு வாத்தியார் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. சணல் முடிச்சை அவிழ்த்தால், ஒரு தாளிலும் பெயர் இல்லை, எண் மட்டும். சிரிப்பு வந்துவிட்டது, வே. தனியாக உட்கார்ந்து சிரிக்கிற கிழவனை என் மருமகள் கதவோரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். எல்லாம் உம்மால் வந்தது.

எழுபதுகளில் நம் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்து எழுதின ஒரே வாத்தியார் நீர்தான். அவர்களுக்கு மழைநாள் என்றால் உமக்கும் மழைநாள். மணி அடித்தால் நீரும் பேனாவை மூடியாக வேண்டும். "கரையில நின்னுக்கிட்டு நீச்சல் சொல்லிக்குடுக்க எனக்கு வெக்கமா இருக்குவே" என்பீர். நான் கரும்பலகையில் கணக்கைப் போட்டுவிட்டு, சன்னல் வழியே துறைமுகத்துக் கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

உம் கதைகள் பத்திரிகைகளுக்குப் போகும், போன வேகத்தில் திரும்பி வரும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வரும்போது சொன்னீர்: "வாற போட்டியில பிள்ளைகளோட பிள்ளையா என் கதையையும் வச்சிருதேன். ஆளு யாருன்னு தெரியாம ஒருத்தர் படிச்சுச் சொல்லட்டும். தேறலன்னா சத்தியமா இனி எழுத மாட்டேன்." விளையாட்டுப் பேச்சில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

போட்டியன்று மேற்பார்வையும் நீரே. மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்து, எண் ஒன்று போட வேண்டுமே என்று சேவியரின் எண்ணைப் போட்டீர். அவன் படிப்பை விட்டுவிட்டு, கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகிற தோணியில் வேலைக்குப் போயிருந்தான். பதிவேட்டில் அவன் பெயரை மட்டும் இன்னும் அடிக்கவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டீர்.

நடுவர் வெளியூர்க் கல்லூரிக்காரர். அந்தத் தாளின் அடியில் எழுதி அனுப்பியிருந்தார்: "இம்மாணவன் தன் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருக்கிறான். சொந்தமாக ஒரு வரி இல்லை." தலைமையாசிரியராக இருந்த மாதாகோயில் சாமியார் அதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தார். எனக்குக் குடித்த காப்பி மூக்கில் ஏறிவிட்டது. உம்மைப் பார்த்தேன். நீர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டிருந்தீர். அதற்குமேல் எனக்குச் சிரிக்க வரவில்லை.

எண்ணைப் பதிவேட்டில் தேடிப் பார்த்த சாமியாருக்கோ வேறு சந்தேகம். "சேவியர் தோணிக்குல்லா போயிட்டான்? எப்ப வந்தான்?" என்று பியூனை வீட்டுக்கு விரட்டினார். கொஞ்ச நேரத்தில் அவன் அம்மா பிலோமி அவிழ்ந்த கொண்டையோடு ஓடி வந்தாள்.

"எம்மவன் ஊருக்கு வந்து கதை எழுதிட்டுப் போயிருக்கானாமே! பெத்தவ ஒருத்தி இங்கன கெடக்குறது அவனுக்கு நெனப்பில்லையா, சாமி?" என்று அழுதாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உம் மானம் தப்பியிருக்கும். உம்மால் முடியவில்லை. "ஏம்மா, அழாத. அவன் வரல. அத எழுதுனது நான்" என்றீர், அறை முழுக்கக் கேட்க. சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். பிலோமி மூக்கைச் சிந்திவிட்டு உம்மை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம்மவன் பேர்ல அப்படி என்னத்தத்தான் எழுதுனீங்க? வாசிங்க, கேப்போம்."

வாசித்தீர். மகன் தோணி ஏறுகிறான். அப்பன் கரையில் நிற்கிறான். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடக்கிறான். அவ்வளவுதான் கதை.

"அப்பன் ஒண்ணுஞ் சொல்லலியா?" என்றாள்.

"இல்லம்மா. அந்த எடத்துல மௌனம் பேசுது."

"பேசுதா? எனக்குக் கேக்கலியே, சார்."

சாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது. அவள் சிரிக்கவில்லை. "சேவியர் போகும்போது அவங்கப்பா ஏசிக்கிட்டேதான் அனுப்புனாரு. ஏதாச்சும் சொல்லத்தான செய்வாங்க? மாத்தி எழுதி வைங்க. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு வாறேன்" என்று கொண்டையை முடிந்துகொண்டு போய்விட்டாள். வீட்டுப்பாடம் கொடுத்தே பழகின மனிதர் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றீர்.

அந்த வாரம் முழுக்க உம்மோடு ஒருவரும் பேச முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். புதுக்கதையில், தோணி நகர்ந்த பிறகு அப்பன் கத்துகிறான்: "ஏலே, ராத்திரி தலையில துண்டக் கட்டிக்கிட்டுப் படு. ஒனக்குப் பனி ஆகாது!" பிலோமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை இறக்கிவிட்டு, "ஆங், இவன் அப்பன்" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தீர். தெருவே பார்க்கிறது என்று சொன்னாலும் விடவில்லை. "இனி நிறுத்த மாட்டேன்வே" என்றீர்.

தோணி திரும்பியதும், பாதி விஷயம் மட்டுமே கேள்விப்பட்ட தெருவில், கதை எழுதினவன் என்று சேவியருக்கு ஒரே மரியாதை. அவனும் மறுக்கவில்லை. உம்மிடம் வந்து, "சார், அடுத்த கதைய நான் எப்ப எழுதப்போறேன்?" என்று கேட்டான், படுபாவி.

பத்திரிகைக்காரர்கள் கடைசிவரை அசைந்து கொடுக்கவில்லை. நீரும் அவர்களை ஏசுவதை நிறுத்தவில்லை. ஆனால் எதை எழுதினாலும் பிலோமிக்குப் படித்துக் காட்டாமல் தபாலில் போட்டதில்லை.

உம்மை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது அவள் என் பக்கத்தில் நடந்து வந்தாள். "அண்ணாச்சி, இனி எனக்கு யாரு வாசிச்சுக் காட்டுவா?" என்றாள். வீட்டுக்கு வந்து, கணக்குப் போட்டே தேய்ந்த கையால் நாலு வரி எழுதிப் பார்த்தேன். அடித்தேன். திரும்ப எழுதினேன். இப்போது மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், எழுதியதை மடித்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறேன். ஒரு வகுப்பையே நடுங்க வைத்தவன் நான். அவள் வீட்டு வாசல்படி ஏறும்போது எனக்குக் கால் நடுங்குகிறது. இப்படி நடுங்கிக்கொண்டா, வே, இத்தனை வருஷமும் போய்வந்தீர்?