சனிக்கிழமை வீக்கம்

மார்கழி 25, சனி
பனி. சுரங்க ஷாப்ட் வாசலில் பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. கேஜ் கூண்டில் இறங்குகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே தொண்டை கட்டிவிட்டது. ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் உத்தியோகம் என்று ஊரில் பெருமை வேறு.

வீட்டுக்கு வந்தால் செல்லிக்கு மறுபடியும் வீக்கம். உதடு, கண் இமை, உடம்பெல்லாம் தடிப்பு. வாந்தி. மூன்று வயசுக் குழந்தை எவ்வளவு தாங்கும். போன சனிக்கிழமையும் இப்படித்தான். பெரியவன் முருகேசனைக் கொண்டுபோனது போதாதா சனி பகவானுக்கு? பூசாரி சொன்னபடி வாராவாரம் விளக்குப் போட்டு, எள்ளுச் சாதம் படைத்து, காக்கைக்கு வைத்து, மிச்சத்தைக் குழந்தைக்கு ஊட்டுகிறோம். இன்னும் என்ன செய்ய?

செருப்பு தைக்கக் கொடுக்க வேண்டும்.

தை 1, வியாழன்
பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. பக்கத்து வீட்டு ரத்னம்மா, பூதிகோட்டைக்காரி, கன்னடக்காரர் வழக்கப்படி எள், வெல்லம், கொப்பரை, கடலை கலந்து தட்டில் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றால் பகை. செல்லி ஒரு வாய் தின்றாள். கொஞ்ச நேரத்தில் முகம் அடையாளம் தெரியவில்லை. மூச்சு இழுத்தது. உதடு நீலம். தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே "பூச்சி ஏதாவது கடிச்சிச்சா?" என்றார்கள். சாயங்காலம்தான் மூச்சு சீரானது.

ரத்னம்மா வாசலில் நின்று அழுதாள். "எம் புள்ளைங்களும் அதத்தானே துன்னுச்சிங்கண்ணா."

தை 2, வெள்ளி
ஷிப்டுக்குப் போகவில்லை. பூசாரியைப் பார்த்தேன். சனி உக்கிரமாம். நாளைக்கு இரண்டு பங்கு படைத்துக் குழந்தைக்கு ஊட்ட வேண்டுமாம். வீட்டில் மனைவி வள்ளியிடம் சொன்னேன். குழந்தை பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை அவள்.

"நேத்து இன்னா கெழமங்க?"

"வியாழன்."

"சனி எங்கேர்ந்து வந்தாரு? கடல, கொப்பர, வெல்லம் எல்லாம் தெனம் துன்றா. ஒண்ணும் ஆவல. எள்ளுதாங்க அவளுக்கு ஒத்துக்கல."

தெய்வக் குற்றம் என்று கத்தினேன். அவள் பாட்டுக்கு எள் பானையையும் நல்லெண்ணெயையும் தூக்கிப்போய் ரத்னம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

தை 3, சனி
குளிர்காற்று. விளக்கில்லை, படையல் இல்லை. நாள் முழுக்க பயம். செல்லி வெறும் தயிர்ச் சோறு தின்றாள். வீக்கம் இல்லை. பக்கத்து வீட்டுக் கோழியைச் செல்லி துரத்தினாள். வள்ளி சிரித்தாள். முருகேசன் போன பிறகு அவள் சிரிப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முருகேசனுக்கும் இதே வீக்கம், இதே மூச்சு. அவனுக்காகத்தான் எள்ளுப் படையலே ஆரம்பித்தது. அவன் போனதும் சனிக்கிழமை. வேண்டாம் என்று அடம் பிடித்தவனை மடியில் போட்டு, வாயைத் திறந்து, கடைசி உருண்டை வரைக்கும் ஊட்டியது வள்ளி.

அவளுக்கு அது இன்னும் தோன்றவில்லை.

"இன்னாங்க, மூஞ்சி ஏன் இப்டி இருக்குது?" என்றாள்.

பல் வலி என்றேன்.