மலைக்கோட்டையை வலம் வந்த மோட்டார்

குரும்பலூர்
20-6-46

சௌபாக்கியவதி மகள் புஷ்பவல்லிக்கு அப்பா வைரக்கண்ணு ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் அத்தை ரத்தினம்மாளும் மாடு கன்றுகளும் சுகம், என் மானம் ஒன்றுதான் சுகமில்லை, அதன் விவரம் கீழே வருகிறது. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மதுரகாளி துணை இருப்பாள். கோடைமழை இரண்டு தூற்றலோடு நின்றுவிட்டது, வெங்காயம் சுமாராக இருக்கிறது, சிவப்புப் பசு கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. பேரனுக்கு மண் தின்கிற பழக்கம் விட்டதா என்று எழுது, விடாவிட்டால் அடிக்காதே, நீயும் நாலு வயது வரைக்கும் தின்றவள்தான்.

போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, உன் தங்கை கமலவேணிக்குத் திருச்சியில் பெண்கள் டிரெயினிங் ஸ்கூலில் இடம் கிடைத்திருக்கிறது என்று. வாத்தியாரம்மா ஆவதற்கு இரண்டு வருஷப் படிப்பு, அங்கேயே தங்கிக்கொள்ள வேண்டும். பதினேழாம் தேதி திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பெரியவர் ஒருவர் நேரில் வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று கார்டு வந்தது. இந்தத் தடவை நான் மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறக்கும் முன்னாலேயே உன் அம்மா மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டாள், ஆகவே சம்மதித்துவிட்டேன். உன் டீச்சர் இதே மாதிரி உனக்காக வீடு தேடி வந்தபோது, "திருச்சி எனக்கு அத்துப்படிங்க, அது பொண்ணு இருக்குற ஊரு இல்ல" என்று நான் சொல்லி அனுப்பினது உனக்கு மறந்திருக்காது. அந்த அத்துப்படியின் லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன், மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே.

எனக்கு ஊரில் திருச்சி வைரக்கண்ணு என்றே பெயர், உனக்குத் தெரியும். யார் திருச்சி போனாலும் முதல்நாள் சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து வழி கேட்டுக்கொண்டு போவார்கள், நானும் கையை நீட்டி நீட்டிச் சொல்வேன். உண்மை என்னவென்றால் முப்பத்தொன்றாம் வருஷம் வரப்பு வழக்குக்காக மூன்று நாள் போயிருந்தேன், மூன்று நாளும் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன், எதிர்த்த ஓட்டலில் சாப்பிட்டேன், பக்கத்துச் சத்திரத்தில் படுத்தேன், நாலாம் நாள் ஊர் வந்துவிட்டேன். நான் பார்த்த திருச்சி இவ்வளவுதான். என்னிடம் வழி கேட்டுப் போனவர்கள் எல்லாம் எப்படித்தான் வீடு திரும்பினார்களோ!

உன் அம்மா பஸ்ஸில் போகலாம் என்றாள், நான் இருக்கும்போது பஸ் எதற்கு என்று பெரம்பலூரில் வாடகை மோட்டார் பேசினேன். பெட்ரோல் ரேஷன் ஆனதால் வண்டிக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி அந்தப் புகையில்தான் ஓட்டுகிறார்கள். டிரைவர் முருகையன் நல்ல மனிதன், ஆனால் திருச்சிக்குள் வண்டி ஓட்டினதில்லை, அதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டு "நான் சொல்ற பக்கம் ஒடிப்பா, போதும்" என்றேன். தகரப்பெட்டி, பாய், ஒரு தூக்குப் புளிச்சோறு, எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு, அத்தையோடு நாலு பேரும் விடிந்ததும் கிளம்பினோம். சிறுவாச்சூர் மதுரகாளி கோயில் திங்களும் வெள்ளியும்தானே திறக்கும், திங்கட்கிழமை அந்த வழியாகப் போய்விட்டு இறங்காமல் போவதா என்று அத்தை பிடித்துக்கொண்டாள். அங்கே இறங்கினோம், சமயபுரத்திலும் இறங்கினோம், நடுவில் அடுப்புக்குக் கரி போட நாலு தடவை இறங்கினோம். காவேரிப் பாலம் தாண்டும்போது மணி பத்தரை, மலைக்கோட்டை கண்ணெதிரே நிற்கிறது, உன் அம்மாவும் கமலவேணியும் ஆவென்று பார்க்கிறார்கள், எனக்கு நானே கட்டின மாதிரி பெருமை.

நம் பக்கத்தில் வழி தப்பினால் என்ன செய்வோம், பச்சைமலை எந்தப் பக்கம் என்று பார்த்து அதைக் கணக்கு வைத்து நடந்தால் வீடு வந்துவிடும். அந்தப் புத்தியைத்தான் திருச்சியிலும் வைத்தேன். கோர்ட்டுத் தாழ்வாரத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது மலைக்கோட்டை என் வலக்கைப் பக்கம் தெரிந்தது. ஸ்கூலும் கோர்ட்டுப் பக்கம்தான் என்று கார்டில் போட்டிருந்தது. ஆகவே மலையை வலக்கைப் பக்கம் விடாமல் வைத்துக்கொண்டு போனால் ஸ்கூல் வந்துதானே ஆகவேண்டும் என்று முருகையனிடம் "மலைய மட்டும் சோத்தாங்கைப் பக்கமே வச்சுக்க" என்று சொல்லிவிட்டேன். அவனும் சொன்ன சொல் தட்டாமல் ஓட்டினான். சிரிக்காதே. மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று உன் மகனுக்குக்கூடத் தெரியும். தெப்பக்குளம் வந்தது, கடைத்தெரு வந்தது, மறுபடி தெப்பக்குளம் வந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு "தம்பிக்கு எம்புட்டு பக்தி, உச்சிப்பிள்ளையாரைச் சுத்திக் காட்டுறானே" என்றாள். கமலவேணி மெதுவாக "அப்பா, இந்த வளையக் கடைய மூணாந்தடவையா பாக்குறேன்ப்பா" என்றாள், டவுனில் ஒரே மாதிரி கடைகள் நிறைய இருக்கும் என்று அதட்டினேன். பூக்காரி ஒருத்தி ஒவ்வொரு சுற்றிலும் கூடையைத் தூக்கிக் காட்டினாள், மூன்றாம் சுற்றில் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். யாரையாவது கேளுங்கள் என்று உன் அம்மா சொன்னாள். திருச்சி வைரக்கண்ணு திருச்சியில் வழி கேட்பதா? கேட்கவில்லை.

அப்போது பார்த்து அடுப்பு அணைந்து மோட்டார் நின்றுவிட்டது. மணி பதினொன்று இருபது. மறுபடி பற்றவைக்க அரைமணி ஆகும் என்று முருகையன் கையை விரித்தான். கமலவேணி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், கண் நிறைந்திருந்தது, அழவில்லை. பெரம்பலூர்ச் சந்தையைத் தாண்டித் தனியாகப் போகாத உன் அம்மா கதவைத் திறந்து இறங்கி நேரே அந்தப் பூக்காரியிடம் போனாள். பூக்காரி என்னைப் பார்த்துக்கொண்டே "மலையச் சுத்துனா மலைதான் வரும், அதை முதுகுக்குப் பின்னால விட்டுட்டு நேராப் போங்க" என்று சொல்லி, ஒரு குதிரைவண்டியையும் கைதட்டிக் கூப்பிட்டுக் கொடுத்தாள். பெட்டியும் பாயும் ஏற்றியதும் வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். கமலவேணியை ஏற்றி உன் அம்மாவும் ஏறிக்கொண்டாள், என்னைப் பார்த்து "நீங்க அண்ணிக்குத் தொணையா இருங்க" என்றாள். வண்டி திருப்பத்தில் மறைந்துவிட்டது.

அம்மா புஷ்பவல்லி, அதற்கப்புறம் நான் பட்ட பாட்டைச் சொல்லவேண்டும். முருகையன் அடுப்பை ஊதுகிறான், அத்தை புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்துவிட்டாள், நான் குதிரைவண்டி போன திருப்பத்துக்கும் மோட்டாருக்குமாக நடக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பெண்டாட்டி, பதினாறு வயதுப் பெண், முன்பின் தெரியாத ஊர், வண்டிக்காரன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அரைமணி நேரத்துக்குள் எத்தனை கெட்டது நினைக்க முடியுமோ அத்தனையும் நினைத்துவிட்டேன். மோட்டார் உறுமியதும் வெட்கத்தை விட்டு வழியெல்லாம் கேட்டேன், ஏழு பேரைக் கேட்டேன், ஏழு பேரும் சரியாகவே சொன்னார்கள். பொல்லாத ஊர் என்று நான் பதினைந்து வருஷம் சொல்லிவந்த ஊர். ஸ்கூல் வாசலில் வேப்பமரத்தடியில் உன் அம்மா உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் "மலைய விட்டு எறங்கி வந்துட்டீங்களா" என்றாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். பெரியவர் கையெழுத்துப் போடும் இடத்தில் உன் அம்மா கைநாட்டு வைத்திருக்கிறாள், கட்டைவிரல் மை இன்றைக்கும் போகவில்லை, போக விடவும் மாட்டேன் என்கிறாள். நான் ஒருத்தன் அங்கே தேவைப்படவே இல்லை. கமலவேணி ஓடிவந்து காலைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை, அது நல்லதுதான், திரும்பியிருந்தால் நான் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

வரும் வழியெல்லாம் உன் நினைப்புத்தான். முப்பத்தைந்து மைல் தூரத்துத் திருச்சி ஆகாது என்று உன்னை நிறுத்திவிட்டு, மறு வருஷமே ஆயிரம் மைலுக்கு அப்பால், பாஷை தெரியாத பம்பாய்க்கு ரயில் ஏற்றி அனுப்பினேனே, என்ன புத்தி என்னுடையது! ஊர் பொல்லாததாக இருந்ததில்லை, எனக்கு ஊர் தெரியாது, அவ்வளவுதான். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு உன் படிப்பைக் கெடுத்தேன். நான் செய்தது தப்பு. அப்பன் பெண்ணிடம் இப்படி எழுதக்கூடாது என்பார்கள், எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பம்பாயிலிருந்து நீ முதல் முதலில் எழுதின கடிதத்தை நேற்று பெட்டியிலிருந்து எடுத்தேன். அதில், மாப்பிள்ளை ஆபீஸ் போனபின் கடைக்குப் போன இடத்தில் வழி தெரியாமல் இருட்டும்வரை தெருவில் நின்றேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது அந்த வரியை நான் விட்டுவிட்டேன், கவலைப்படுவாள் என்று. பதிலிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, அனுசரித்துப் போ என்று மட்டும் எழுதினேன். நேற்று விடாமல் முழுதும் படித்தேன். உன் அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "அப்பறம் எப்புடி அவ வூடு வந்து சேந்தா?" என்று கேட்டாள். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதில் இல்லை.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், பேரனுக்கு முத்தம். தங்கைக்கு ஸ்கூல் விலாசத்துக்கு ஒரு கார்டு போடு. தீர்க்காயுசாக, மஞ்சள் குங்குமத்தோடு இரு. அன்றைக்கு யாரிடம் வழி கேட்டாய், எப்படி வீடு வந்து சேர்ந்தாய் என்று மறக்காமல் விவரமாக எழுது கண்ணு, உன் அம்மா இன்னும் தூங்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு
உன் அப்பா
வைரக்கண்ணு